தொட்டியில் கொட்டிய சோறு

ஒரு பசுமாட்டின் சாவுக்கு நான் காரணமாக இருந்தேன். அதைவிடப் பெரிய தப்பு, அந்தப் பழி மாட்டுக்காரர் மேலேயே விழுந்தபோது மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது. எண்பதைத் தாண்டிவிட்ட இந்த வயதில் இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

நான் அறிவியல் ஆசிரியனாக இருந்தவன். முதலில் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் வேலை. அங்கே எங்களுக்கு ஒரே அறை. தண்ணீரை ஓடையிலிருந்து என் மனைவி சுமந்து வரவேண்டும். அந்தத் தண்ணீரில் அரிசி களைவாள், களைந்த நீரில் பாத்திரத்தை முதல் அலசு அலசுவாள், அதையும் கொண்டுபோய் அவரைப் பந்தலில் ஊற்றுவாள். மீந்த சோற்றில் மிளகாயும் சீரகமும் அரைத்துப் பிசைந்து, பாறைமேல் கிள்ளி வைத்து வடகமாக்கிவிடுவாள். களமருதூர்ப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். இல்லாமையால் வந்த பழக்கம் அல்ல அது. கை தானாக அப்படித்தான் போகும்.

எனக்கோ அது வெட்கமாக இருந்தது. ஒரு முறை பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி பாறையில் காய்ந்த வடகத்தைப் பார்த்து, "வாத்தியார் வீட்டில் சோறுகூடத் தப்பிக்க முடியாது போலிருக்கே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் கீழே இறங்கிப் போய்ச் சொந்த வீடு கட்டும்போது யாரும் இப்படிச் சிரிக்கக் கூடாது என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

கள்ளக்குறிச்சிக்கு மாற்றல் கிடைத்து, சில வருஷம் வாடகைக்கு இருந்து, அதே தெருவில் வீடு கட்டினோம். பின்பக்கம் சிமெண்டில் ஒரு கழுநீர்த் தொட்டி. அரிசி களைந்த தண்ணீர், வடிகஞ்சி, காய்த் தோல், வாழைத்தண்டின் நார் எல்லாம் அதில் விழும். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு எல்லா வீட்டிலும் இப்படி ஒரு தொட்டியோ பானையோ உண்டு. மாடு வைத்திருப்பவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். அதற்கு விலை கிடையாது. மாடு கன்று போட்டால் கழுநீர் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஒரு சொம்பு சீம்பால் வரும். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு பெண் வருவார். அவர் கணவர் கரும்பு வெட்டுக்கும் மூட்டை தூக்கவும் போகிறவர். அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு பசு. காலையில் அது கொடுக்கிற பாலில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

புதுமனை புகுவிழாவுக்கு நான் ஊரையே கூப்பிட்டிருந்தேன். பள்ளிக்கூடத்தார், உறவுக்காரர்கள், மலையில் பழகியவர்கள் எல்லாரும் வருவார்கள் என்று மூன்று அண்டாச் சோற்றுக்குச் சொன்னேன். அன்று விடியற்காலையிலிருந்தே மழை.

"ஏங்க, ரெண்டு அண்டா போதும்" என்றாள் மனைவி. "மூணாவதுல உலைய மட்டும் கொதிக்க வைக்கச் சொல்லுங்க. ஆளு வந்தா அரிசி போட எம்மாம் நேரமாவும்?"

"ஊரைக் கூப்பிட்டுட்டு உலையைக் காட்டச் சொல்றியா?" என்றேன்.

மலைப் பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. மலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. அதே முகூர்த்தத்தில் ஊருக்குள் வேறு கல்யாணங்களும் இருந்ததால் உள்ளூர்க்காரர்களும் பாதிப் பேர்தான் வந்தார்கள். பகல் மூன்று மணிக்கு ஓர் அண்டா தொடப்படாமல் இருந்தது. இன்னொன்றில் பாதி.

"வூட்டுக்கு வூடு தூக்குல போட்டு அனுப்பிடறேன்" என்றாள் மனைவி. "மீதிக்குத் தண்ணி ஊத்தி வெச்சா நாளைக்குப் பழையது. அதுக்கும் மேல நின்னா வடகம்."

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"வாத்தியார் வீட்டு விசேஷத்துக்கு ஆளே வரலேன்னு தெருவே பேசும்."

அவள் கையிலெடுத்த தூக்கைத் திரும்ப வைத்தாள். பிறகு தன் வீட்டு மனிதர்களை பஸ் ஏற்றிவிட, சின்னவளாக இருந்த எங்கள் பெண்ணையும் அழைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள். அவள் திரும்புவதற்குள் வெளியூரிலிருந்து வந்திருந்த சமையல்காரரின் ஆட்களிடம், சோறு முழுவதையும் கழுநீர்த் தொட்டியில் கொட்டச் சொன்னேன். மேலே வடிகஞ்சியை ஊற்றினார்கள். அதன்மேல் காய்த் தோலையும் தண்டு நாரையும் நானே பரப்பினேன்.

இருட்டுகிற நேரத்தில் மாட்டுக்காரர் சைக்கிளில் இரண்டு தகர டின்களுடன் வந்தார். அவர் மனைவி களையெடுக்கப் போனவர் இன்னும் திரும்பவில்லையாம். வாளியை விட்டுத் தூக்கியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், இவ்ளோ கெட்டியா கீது?"

"விசேஷ வீடு இல்லையா? வடிகஞ்சி ஜாஸ்தி. எடுத்துக்கினு போ."

"சோறு இல்லியே சார்? சோறு ஜாஸ்தியா போனா மாட்டுக்கு ஆவாது."

"கஞ்சிதான்யா" என்றேன்.

அவர் இரண்டு நடை வந்து நான்கு டின் எடுத்துப் போனார். தொட்டியின் மேல்பாதி காலியானதும் எனக்கு மூச்சு வந்தது. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் நான்கு அறைகள் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் வரைந்தவன் நான். வெந்த சோறு அளவு மீறிப் போனால் முதல் அறையிலேயே புளித்துப் பொங்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை என்று எழுதிவிடலாம். ஆனால் வந்தது. ஒன்றும் ஆகாது என்று அதைத் தள்ளிவிட்டேன்.

மறுநாள் காலையில் மாடு எழுந்திருக்கவில்லை. வயிறு முரசுபோல் ஏறியிருந்ததாம். கால்நடை மருந்தகத்திலிருந்து வந்தவர் ஏதேதோ கரைத்து ஊற்றிப் பார்த்தார். நண்பகலில் செத்துவிட்டது. ஒரு வயிறு சோறு என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சாயங்காலம் அந்தப் பெண் என் வாசலுக்கு வந்தார். கணவர் நாலடி பின்னால் நின்றார்.

"சார், நீங்களே சொல்லுங்க. உங்க தொட்டியில கஞ்சின்னு நீங்க சொன்னதா இது சொல்லுது. டாக்டரு சோறுன்றாரு. எது நெசம்?"

அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைத்தது. நான் சொன்னது இது: "என் வீட்டுத் தொட்டியில கஞ்சியும் தோலும்தான் இருந்தது. அவன் வழியில கல்யாண மண்டபத்தாண்ட எதுனா வாரிக்கினு போனானோ என்னமோ."

அவன் என்றுதான் சொன்னேன். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் சின்னவர்.

பின்னால் நின்ற அவர் "சார்" என்றார்.

கூலி கிடைக்கிற நாளில் அவர் கொஞ்சம் குடிப்பார். அது தெருவுக்குத் தெரியும். அன்று அவர் குடித்திருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். குடித்துவிட்டு மண்டபத்து எச்சில் சோற்றை வாரிப் போட்டுச் சொந்த மாட்டைக் கொன்றவன் என்று பேச்சு பரவிற்று. சோத்துக்காரன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வாத்தியார் சொல்லும் குடிக்கிறவன் சொல்லும் எதிரெதிரே நின்றால் எது நிற்கும் என்று யோசிக்கக்கூட யாருக்கும் நேரம் தேவைப்படவில்லை.

அவர்கள் வந்துபோன அன்று தொட்டியைக் கழுவப் போன என் மனைவி உள்ளே வந்தாள். கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"அடியில ரெண்டு கூடை சோறு கீது" என்றாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "எங்கிட்ட இன்னாத்துக்கு? சொல்ல வேண்டியவங்ககிட்டச் சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. அதற்குப் பதில் சிக்கனமாக வாழ ஆரம்பித்தேன்.

கேலியாக எழுதவில்லை, நடந்ததே அதுதான். சோறு மீந்தால் என்னால் பார்க்க முடியவில்லை. தினமும் சாயங்காலம் யார் யார் சாப்பிடப் போகிறோம் என்று கேட்டுவிட்டுத்தான் அரிசி அளந்தோம். பழைய வேட்டி கைக்குட்டையாகி, பிறகு கரித்துணியாகி, கடைசியில்தான் அடுப்புக்குப் போயிற்று. விடைத்தாளின் பின்பக்கத்தில் எங்கள் பெண் கணக்குப் போட்டாள். குளித்த தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டி வாழைக்கு விட்டேன். சைக்கிளில் போகக்கூடிய இடத்துக்கு பஸ் ஏறுவதை விட்டேன். எந்த வடகத்தைப் பார்த்து வெட்கப்பட்டேனோ அதை மாடியில் நானே கிள்ளி வைத்தேன். வீட்டில் தேவைக்கு மேல் ஒன்றும் இல்லாதபோது மனிதர்கள் நடமாட இடம் கிடைக்கிறது. பொய் சொல்ல வேண்டாம், அந்த வாழ்க்கை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் அதை நான் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் கோணல். நான் ஒரு பிடி அரிசியை மிச்சம் பிடிப்பதால் இரண்டு தெரு தள்ளி ஒருவர் பொய்யர் இல்லை என்று ஆகிவிடுமா? யாரிடமும் தலைகுனியாமல் செய்யக்கூடிய பிராயச்சித்தம் என்பதால்தான் அது எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

மூன்றாவது வருஷம் அந்தப் பெண் ஒரு கிடேரியை வாரத்துக்குப் பிடித்தார். வளர்ப்பது இவர், ஈனுகிற கன்றில் மாட்டின் சொந்தக்காரருக்குப் பங்கு. மறுபடியும் கழுநீருக்கு வர ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். வந்ததும் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு அடியைத் துழாவுவார். துழாவிக்கொண்டே பேசுவார்.

"எங்க ஆள அனுப்பறதே இல்ல சார். பாத்து எடுக்கத் தெரியாது அதுக்கு. ஒண்ணு போட்டுட்டு ஒண்ணு சொல்லும்."

தினமும் இதே பேச்சு. தன் கணவரைப் பற்றி, என் எதிரில், என் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு. பத்துப் பன்னிரண்டு நாள் கேட்டேன். ஒரு நாள் காலையில் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் எழுந்து பின்கட்டுக்குப் போனேன்.

"அம்மா, அன்னைக்கு உன் வீட்டுக்காரர் பொய் சொல்லல. தொட்டியில இருந்தது சோறு. நான்தான் கொட்டச் சொன்னேன். கஞ்சின்னு அவர்கிட்டச் சொன்னதும் நான்தான்."

அவர் கையை வெளியே எடுத்தார். குழாயடிக்குப் போய் நிதானமாகக் கழுவினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மூணு வருசம் சார். அது தட்டுல சோறு போடும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிகினுதான் போட்டிருக்கறன்."

குழாயை இறுக மூடினார்.

"எங்கிட்டச் சொல்லிட்டா ஆச்சா? தெரு பூரா வாய் வெச்சுது. தெருவாண்ட வந்து சொல்லுங்க."

டின்னை எடுக்காமலே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். அவர்கள் தெருவில் குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. பத்திருபது பேர் இருப்பார்கள். மாட்டுக்காரர் தன் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் எழுதி வைத்துக்கொண்டு போகவில்லை. வகுப்பில் பேசுகிற குரலில், பின்வரிசைக்கும் கேட்கும்படி, நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

குழாயடியில் தண்ணீர் குடத்தை நிரப்பி வழிந்தது. ஒருவரும் மூடவில்லை. வீணாகிறதே என்று நானே போய் மூடினேன். அதைப் பார்த்து ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"படிச்சவரு. பொய் சொன்னாலும் தெளிவா சொல்றாரு, நெசம் சொன்னாலும் தெளிவா சொல்றாருடி" என்றார் இன்னொருவர்.

"ஏண்ணா, அப்ப இத்தினி நாளா உன்னச் சோத்துக்காரன்னு கூப்ட்டது பூரா வேஸ்ட்டா?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

மாட்டுக்காரர் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சி சார்" என்றார். "எல்லாரும் சொல்லிகினே இருந்தாங்களா? ஒருவேள நான்தான் எங்கனா வாரிப் போட்டுட்டு மறந்துட்டனோன்னு. நம்ப ஆரம்பிச்சிட்டன்."

அந்த வார்த்தையை நான் எதிர்பார்த்துப் போகவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் எழுதும்போது கை நிற்கிறது.

செத்த மாட்டுக்கு ஒரு கிடேரி வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் உடனே தலையை ஆட்டினார். "வேணாம் சார். சொன்னீங்களே, அது போதும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "இதுக்கு வேணாம்னா போவட்டும். செத்தது எம் மாடு. நான் வாங்கிக்கறன்."

தெருவே சிரித்தது. கணவரும் சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் நானும் மாட்டுக்காரரும் மலைக்கு பஸ் ஏறினோம். நான் வேலை பார்த்த ஊருக்குப் பக்கத்தில் தெரிந்த ஒரு வீட்டில் கிடேரி இருந்தது. மலை மாடு உருவத்தில் சின்னது. தீனி கம்மி, நோய் கம்மி. அவர் அதன் பல்லைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், ஒரு சுற்று நடக்கவிட்டுப் பார்த்தார். அடிவாரம் வரை ஓட்டிக்கொண்டு நடந்து, அங்கிருந்து வண்டி பிடிப்பதாக ஏற்பாடு. முன்னால் அவர், நடுவில் கிடேரி, பின்னால் நான். வளைவுகளில் மூங்கில் நிழல் விழுந்திருந்தது.

"சார், ஒண்ணு கேக்கட்டா? சோறு மீந்துட்டா இன்னா? அதப் போயி ஏன் மறைச்சீங்க?"

"கூப்பிட்டவங்க வரலேன்னு ஊர் பேசும்னு."

அவர் கயிற்றைக் கை மாற்றிப் பிடித்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்: "எங்க கல்யாணத்துக்குப் பதினேழு பேரு வந்தாங்க. அதுல நாலு பேரு வேற கல்யாணத்துக்குப் போற வழியில தப்பா எறங்கினவங்க."

நான் சத்தமாகச் சிரித்தேன். கிடேரி மிரண்டு கயிற்றை இழுத்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவர் மனைவி அதற்குப் பிறகு வெகுநாள் என்னிடம் நேராகப் பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் என் மனைவி வழியாகத்தான் பேசினார். பள்ளிக்கூடத்திலும் விஷயம் தெரிந்தது. ஓரிரு ஆசிரியர்கள் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கம் பார்த்துக் கஞ்சி என்று சொல்லிக்கொண்டார்கள். அது எனக்கு நியாயமாகவே பட்டது.

மாட்டுக்காரர்தான் எங்கள் தெருவுக்கு மறுபடியும் வர ஆரம்பித்தார். வந்தவர் ஒரு ஒழுங்கு செய்தார். வீட்டுக்கு வீடு இரண்டு பாத்திரம் வைக்கச் சொன்னார்: தண்ணீருக்கும் தோலுக்கும் ஒன்று, வெந்ததற்கு ஒன்று. "வெந்தது மொதல்ல மனுசனுக்கு. மாட்டுக்கு ரெண்டு கை போதும். அதுக்கு மேல இருந்தா நீங்க ஜாஸ்தி வடிச்சிட்டீங்க, அவ்ளோதான்" என்பார். இரண்டு பாத்திரம் வைத்த பிறகுதான் ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு வீணாக்குகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. வெந்ததற்கான பாத்திரம் நாளாக நாளாகச் சிறியதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் பல வீடுகளில் அது ஒரு பழைய டம்ளர். தெருவில் விசேஷம் என்றால் எத்தனை படி போடலாம் என்று அவரைக் கேட்கிற வழக்கமும் வந்தது. மூட்டை தூக்கியவர், கல்யாண வீடுகளுக்குக் கழுநீருக்காகப் போய் வந்தவர். எவ்வளவு தின்கிறார்கள், எவ்வளவு எறிகிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

பல வருஷம் கழித்து என் பெண்ணுக்குக் கல்யாணம். இரண்டு அண்டா போதும் என்று அவர் சொன்னார், நான் ஒப்புக்கொண்டேன். சமையல்காரர் வெளியூர். "யாரு இவரு, என் அடுப்பாண்ட வந்து அளவு சொல்றாரு?" என்று முகத்தைச் சுளித்தார். கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அம்மாள், "அவரு சொன்னா சரியா இருக்கும், போடுய்யா" என்றார்.

சரியாக இல்லை. மாப்பிள்ளை வீட்டாரில் சொல்லாத ஒரு கூட்டம் வேனில் வந்து இறங்கிற்று. கடைசிப் பந்தியில் பதினைந்து பேருக்கு இலை போட்ட பிறகு சோறு இல்லை. சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு, கூட்டம் கேட்க, "நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டாங்க?" என்றார். எல்லார் முகமும் மாட்டுக்காரர் பக்கம் திரும்பத் தொடங்கிற்று.

நான் பந்திக்கு நடுவில் போய் நின்றேன். "நான்தான் இரண்டு அண்டா போதும்னு சொன்னேன். தப்பு என்னுது. ரவை இருக்கு. கால் மணி நேரம் பொறுத்துக்குங்க."

"இல்ல, நான் சொன்னதுதான்" என்றார் அவர் பின்னாலிருந்து. "அவரு ஒத்துக்கினாரு, அவ்ளோதான். பத்தலன்னா இன்னா இப்ப? பொழுது சாயறதுக்குள்ள கொட்டறதுக்கு எதுவும் இல்ல, பாருங்க."

உப்புமா வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்தப் பந்தியிலேயே ஓர் ஓரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டார்கள். மாட்டுக்காரரின் மனைவிதான் பரிமாறினார். கணவருக்கு ஒரு கரண்டி வைத்துவிட்டு என் இலைக்கு வந்தவர், "போதுமா சார், இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று என்னிடமே நேராகக் கேட்டார்.

போதும் என்றேன்.